நுரையீரல் புற்றுநோய்க்கான மருத்துவ ஆய்வுகளைத் தேடுவதும் அவற்றில் சேர்வதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் ஆய்வு ஒருங்கிணைப்பாளராகப் பணியாற்றிய ஆண்டுகளில், வெளிநோயாளர் பிரிவின் பெஞ்சில் டோக்கனைக் கையில் பிடித்தபடி நோயாளிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் கேட்ட கேள்விகளே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சிகிச்சை பெறுவோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் மருத்துவரின் ஆலோசனைக்கு இது மாற்று ஆகாது. ஆனால் அவரிடம் எதை, எப்போது கேட்க வேண்டும் என்பதை இதைப் படித்த பிறகு நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

மருத்துவ ஆய்வு, அதாவது கிளினிக்கல் ட்ரையல் என்கிறார்களே, அப்பாவைச் சோதனை எலி ஆக்கிவிட மாட்டார்களா?

இந்த அச்சத்தை நான் ஒருபோதும் அலட்சியப்படுத்தியதில்லை, ஏனெனில் அதற்குக் காரணம் இருந்தது. நோயாளிகளுக்குச் சரியாக விளக்காமலே ஆய்வுகளில் சேர்த்த நிகழ்வுகள் நம் நாட்டில் நடந்து, ஸ்வாஸ்திய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. அதைத் தொடர்ந்து விதிகள் ஒவ்வொன்றாக இறுக்கப்பட்டு, 2019 மார்ச் மாதத்தில் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் நடைமுறைக்கு வந்தன. இன்று புதிய மருந்து ஒன்றை மனிதரிடம் ஆய்வு செய்ய வேண்டுமானால் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி, நோயாளிகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் பதிவு பெற்ற நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், பொதுப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு, நோயாளியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் ஆகிய நான்கும் இருந்தாக வேண்டும்.

நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அவர்களில் பாதிப்பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். தலைவரும் வெளியிலிருந்தே வர வேண்டும். சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர், மருத்துவத் துறையைச் சாராத பொதுமக்களில் ஒருவர் ஆகியோரும் கட்டாயம் இடம்பெற வேண்டும். கடைசியாகச் சொன்ன அந்த ஒருவரைப் பற்றிச் சிறப்பாகச் சொல்ல வேண்டும். நான் கலந்துகொண்ட கூட்டங்களில் ஒப்புதல் படிவத்தின் தமிழ் வாசகம் புரியவில்லை என்று திருப்பி அனுப்பியவர்கள் பெரும்பாலும் அவர்களே.

எல்லா சிகிச்சையும் கைவிட்ட பிறகுதானே ஆய்வில் சேர்ப்பார்கள்?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஆய்வைப் பற்றிக் கேட்க வேண்டிய சரியான நேரம் முதல் ஊசியும் முதல் மாத்திரையும் தொடங்குவதற்கு முன்புதான்.

நுரையீரல் புற்றுநோய் ஆய்வுகளில் கணிசமானவை இதுவரை எந்த சிகிச்சையும் பெறாதவர்களுக்கானவை. முதல்நிலை சிகிச்சையில் எது சிறந்தது என்று ஒப்பிடும் ஆய்வில், ஏற்கெனவே மருந்து தொடங்கியவரைச் சேர்த்தால் ஒப்பீடு கெட்டுவிடும் என்பதால் விதி அவரை அனுமதிக்காது. அறிக்கைகளோடு ஒருவர் எங்களிடம் வந்தார். ஆய்வுக்கு வேண்டிய மரபணு மாற்றம் அவருக்கு இருந்தது, உடல்நிலையும் நன்றாகவே இருந்தது. ஆனால் ஊரில் இருந்தபோதே ஒன்பது நாள்களாக மாத்திரை சாப்பிட்டு வந்திருந்தார். அந்த ஒன்பது நாள்களால் கதவு மூடிவிட்டது. யாரும் தவறு செய்யவில்லை. தொடங்கும் முன் ஒரு கேள்வி கேட்கலாம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

நோயின் ஒவ்வொரு கட்டத்திற்கும் தனித்தனியே ஆய்வுகள் உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன்பு தரப்படும் மருந்து, அறுவைக்குப் பின் நோய் திரும்பாமல் தடுக்கும் மருந்து, கதிர்வீச்சோடு சேர்த்துத் தரும் மருந்து, முதல் மருந்து பலனளிக்காதபோது தரும் இரண்டாம் மருந்து எனப் பலவகை. ஆகவே சிகிச்சை மாறும் ஒவ்வொரு திருப்பத்திலும் “எனக்குப் பொருந்தும் ஆய்வு ஏதேனும் இருக்கிறதா?” என்று கேளுங்கள்.

இதோடு ஒரு எச்சரிக்கையும் உண்டு. ஆய்வுக்காகக் காத்திருந்து சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாத நிலைகள் இருக்கின்றன. நுரையீரல் புற்றுநோயில் ஏறத்தாழ 85 விழுக்காடு சிறுசெல் அல்லாத வகை, 15 விழுக்காடு சிறுசெல் வகை. சிறுசெல் வகை வேகமாக வளரக்கூடியது. மூச்சுத் திணறல் கூடினாலும், முகமும் கழுத்தும் வீங்கினாலும், மூளைக்குப் பரவி வலிப்பு வந்தாலும், முதலில் சிகிச்சைதான், ஆய்வு பிறகு.

தேடத் தொடங்கும் முன் கையில் என்னென்ன இருக்க வேண்டும்?

திசுப் பரிசோதனை அறிக்கை, சி.டி. அல்லது பெட் சி.டி. ஸ்கேன் அறிக்கையும் அதன் குறுந்தகடும், மூளையின் எம்.ஆர்.ஐ., அண்மைய ரத்தப் பரிசோதனைகள், இதுவரை எடுத்த மருந்துகளின் பட்டியல் தேதியோடு. இவற்றோடு மரபணுப் பரிசோதனை அறிக்கை வேண்டும். சிறுசெல் அல்லாத வகையில், குறிப்பாக அதன் உட்பிரிவான அடினோகார்சினோமாவில், ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ராஸ்-1, கேராஸ், பிராஃப், மெட், ரெட் போன்ற மரபணு மாற்றங்களும் பி.டி.-எல்1 என்ற புரதத்தின் அளவும் தெரியாமல் ஆய்வைத் தேடுவது, முகவரி இல்லாமல் வீட்டைத் தேடுவதைப் போன்றது. இந்தியாவில் அடினோகார்சினோமா உள்ளவர்களில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் காணப்படுகிறது. புகைபிடிக்காதவர்களிடமும் பெண்களிடமும் இது அதிகம்.

இந்தப் பரிசோதனை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2009-இல் வெளியான ஐபாஸ் என்ற ஆய்வே சான்று. கிழக்கு ஆசிய நாடுகளில் நடந்த அந்த ஆய்வில், ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களுக்கு, அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஜெஃபிட்டினிப் மாத்திரை, கீமோ எனப்படும் வழக்கமான ரசாயன மருந்துச் சிகிச்சையைவிட நன்றாக வேலை செய்தது. மாற்றம் இல்லாதவர்களுக்கோ அதே மாத்திரை கீமோவைவிட மோசமாக அமைந்தது. ஒரே மருந்துதான், ஆனால் ஆளுக்கு ஆள் எதிரெதிர் விளைவு.

அடுத்தது பலரும் கவனிக்காத ஒன்று: பாரஃபின் பிளாக். ஊசி வைத்தோ, மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி வழியாகவோ எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். தீப்பெட்டியைவிடச் சிறிய பிளாஸ்டிக் சட்டத்துக்குள் மஞ்சள் கலந்த வெள்ளை மெழுகு, அதன் நடுவில் அரிசிமணிகளை வரிசையாக வைத்தாற்போல் சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று கோடுகள், ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண். அந்தக் கோடுகள்தான் உங்கள் நோயின் திசு. பல ஆய்வுகள் இதைக் கேட்கின்றன. முதலில் பரிசோதனை செய்த ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள். வெயிலில் நிற்கும் பேருந்தின் முன்பக்கத்தில் வைத்தால் மெழுகு இளகும். ஆகவே சிறு பெட்டியில் பஞ்சு வைத்துக் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள். திசு குறைவாக இருந்தால் எந்தப் பரிசோதனைக்கு முதலில் செலவிடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். வெவ்வேறு ஆய்வகங்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டு, பிறகு மீண்டும் ஊசி போட வேண்டிய நிலைக்கு ஆளானவர்கள் உண்டு.

நம் ஊரில் நுரையீரல் படத்தில் தெரியும் நிழலைக் காசநோய் என்று கருதி, சளியில் கிருமி காணாதபோதும் சில மாதங்கள் காசநோய் மாத்திரை கொடுத்த பிறகே புற்றுநோய் தெரியவரும் நிகழ்வுகள் நிறைய. அந்த மாத்திரைகளின் பெயரும் தேதிகளும்கூட ஆய்வுக் குழுவுக்குத் தேவை. வெட்கப்பட்டோ கோபப்பட்டோ அந்தக் காகிதங்களைத் தூக்கி எறிய வேண்டாம்.

எங்கே தேடுவது?

முதல் இடம் இந்திய மருத்துவ ஆய்வுகள் பதிவேடு. சி.டி.ஆர்.ஐ. என்று அழைப்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 ஜூலையில் தொடங்கப்பட்டது. 2009 ஜூன் முதல் பதிவு கட்டாயமானது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்யும் ஆய்வுகளை மட்டுமே ஏற்கிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம்.

தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். ‘லங் கேன்சர்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு மருத்துவமனை ‘கார்சினோமா லங்’ என்று எழுதியிருக்கும், இன்னொன்று ‘நான் ஸ்மால் செல்’ என்று எழுதியிருக்கும், மற்றொன்று மருந்தின் பெயரை மட்டுமே தலைப்பில் வைத்திருக்கும். நோயைச் சுட்டும் சர்வதேசக் குறியீடும் பதிவில் இருக்கும். நுரையீரல் புற்றுநோய்க்கு அது ‘சி34’ என்று தொடங்கும்.

பதிவு திறந்ததும் நீண்ட அட்டவணையைக் கண்டு மலைக்க வேண்டாம். நான்கு இடங்களை மட்டும் பாருங்கள். இந்தியாவில் சேர்க்கை நிலை என்ற கட்டத்தில் ‘ஓப்பன் டு ரிக்ரூட்மென்ட்’ என்று இருந்தால் ஆள் சேர்க்கிறார்கள். ‘நாட் யெட்’ என்றால் இனிமேல்தான். ‘க்ளோஸ்டு’, ‘கம்ப்ளீட்டட்’ என்றால் அடுத்ததற்குப் போகலாம். இரண்டாவது, ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளின் பட்டியல். மருத்துவர் பெயர், துறை, ஊர், தொலைபேசி எண் எல்லாம் அதிலேயே இருக்கும். மூன்றாவது, சேர்க்கும் விதிகளும் விலக்கும் விதிகளும். நான்காவது, பொதுமக்கள் விசாரிப்பதற்கான தொடர்பு நபர். சேர்க்கை நிலையை எல்லோரும் உடனுக்குடன் திருத்துவதில்லை என்பதால், பக்கத்தில் என்ன இருந்தாலும் தொலைபேசியில் ஒரு முறை கேட்டு உறுதிசெய்த பிறகே பயணத்துக்கு டிக்கெட் எடுங்கள்.

இரண்டாவது இடம் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 2000 முதல் நடத்தும் ‘கிளினிக்கல் ட்ரையல்ஸ் டாட் கவ்’. பன்னாட்டு நிறுவனங்களின் ஆய்வுகள் பெரும்பாலும் அதில் இருக்கும். நாடு என்ற இடத்தில் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தால் இங்குள்ள மருத்துவமனைகள் மட்டும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் தேடல் தளம் இலங்கை உள்ளிட்ட பல நாடுகளின் பதிவேடுகளை ஒரே இடத்தில் திரட்டித் தருகிறது.

எனக்கு ஆங்கிலம் தெரியாதே?

படித்த ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு பதிவு எண்ணை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் ‘சி.டி.ஆர்.ஐ.’ என்று தொடங்கி ஆண்டு, மாதம், ஆறு இலக்கங்கள் என்று முடியும். அதை மருத்துவரிடம் காட்டினால் போதும், மீதியை அவர் படித்துச் சொல்வார். உண்மையில் அறிமுகமான மருத்துவர் மூலம் வரும் நோயாளிகளையே ஆய்வுக் குழுக்கள் எளிதாகப் பரிசீலிக்கின்றன, ஏனெனில் முழு நோய் வரலாறும் அவரிடம்தான் இருக்கும்.

எந்த மருத்துவமனைகளில் விசாரிக்கலாம்?

சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம், மும்பை டாட்டா மெமோரியல் ஆகியவை கல்வியும் ஆராய்ச்சியும் சேர்ந்து நடக்கும் இடங்கள். பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் மருந்து நிறுவனங்களின் ஆய்வுகள் நடக்கின்றன. 2012-இல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் வலையமைப்பில் நாடு முழுவதும் 300-க்கும் மேற்பட்ட மையங்கள் இணைந்துள்ளன. எந்த மருத்துவமனையில் எந்த ஆய்வு இன்று திறந்திருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறும். ஆகவே பெயரை நம்பிப் போகாமல் பதிவேட்டைப் பார்த்துப் போவதே நல்லது.

நம் நாட்டு ஆய்வுகளால் என்ன நடந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். டாட்டா மெமோரியலில் டாக்டர் வனிதா நொரோன்ஹா குழுவினர், ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள 350 நோயாளிகளிடம் ஜெஃபிட்டினிப் மாத்திரையைத் தனியாகவும், பெமெட்ரெக்சட், கார்போபிளாட்டின் கீமோவோடு சேர்த்தும் ஒப்பிட்டார்கள். நோய் கட்டுக்குள் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (பாதிப் பேருக்கு இதைவிடக் கூடுதல், பாதிப் பேருக்குக் குறைவு) மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு 8 மாதம், சேர்த்து எடுத்தவர்களுக்கு 16 மாதம். கடுமையான பக்கவிளைவுகளும் அதேபோல் ஏறத்தாழ 25 விழுக்காட்டிலிருந்து 51 விழுக்காடாக இரட்டித்தன. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம்மால் வாங்கக்கூடிய விலையில் உள்ள மருந்துகளைக் கொண்டு, நம் நோயாளிகளிடமே கண்டறியப்பட்ட விடை இது. பெருநிறுவனம் எதுவும் நமக்காக இந்தக் கேள்வியைக் கேட்டிருக்காது என்பது என் எண்ணம்.

தகுதி விதிகள் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கின்றன?

ஆபத்தைக் குறைக்கவும், விடை தெளிவாகக் கிடைக்கவும்தான். ஈகாக் என்ற அளவுகோலில் நோயாளியின் நடமாட்டத்தை அளப்பார்கள். 0 என்றால் வழக்கம்போல் எல்லா வேலையும் செய்பவர். 1 என்றால் கடின வேலை மட்டும் முடியாதவர். 2 என்றால் தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டாலும் பணிக்குப் போக முடியாதவர். 3-உம் 4-உம் படுக்கையில் பெரும்பொழுதைக் கழிப்பவர்கள். பெரும்பாலான ஆய்வுகள் 0, 1 என்ற நிலைகளையே ஏற்கும், சில 2 வரை ஏற்கும். சிறுநீரகம், கல்லீரல், ரத்த அணுக்கள் குறிப்பிட்ட அளவில் இருக்க வேண்டும். மூளைக்குப் பரவிய கட்டி சிகிச்சை பெற்று நிலையாக இருக்க வேண்டும் என்று பல ஆய்வுகள் கேட்கும். முந்தைய மருந்து உடலை விட்டு நீங்கச் சில வாரங்கள் இடைவெளி தேவைப்படலாம்.

கட்டம் 1, 2, 3 என்கிறார்களே?

முதல் கட்டம் மருந்தின் பாதுகாப்பான அளவைக் கண்டறிவது. சிலரிடம் மட்டும் நடக்கும். இரண்டாம் கட்டம் கட்டி சுருங்குகிறதா என்று பார்ப்பது. மூன்றாம் கட்டம் நூற்றுக்கணக்கானோரிடம் இன்றைய சிகிச்சையோடு ஒப்பிடுவது. நான்காம் கட்டம் விற்பனைக்கு வந்த பிறகு தொடர்ந்து கண்காணிப்பது.

குலுக்கல் முறையில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுத்துவிட்டால்?

மூன்றாம் கட்ட ஆய்வுகளில் யார் எந்தப் பிரிவில் சேர்வது என்பதைக் கணினி முடிவு செய்யும். மருத்துவராலும் அதை மாற்ற முடியாது. ஆனால் இன்றைக்குள்ள சிகிச்சையைப் பறித்துவிட்டு வெற்று மாத்திரையை மட்டும் தருவதற்கு நெறிமுறைக் குழு இடம்தராது. வழக்கமான சிகிச்சையோடு புதிய மருந்தை ஒரு பிரிவுக்கும், அதே சிகிச்சையோடு வெற்று மருந்தை மறுபிரிவுக்கும் தருவதே வழக்கம். வழக்கமான சிகிச்சை என்று எதுவும் இல்லாத இடத்தில் மட்டும் வெற்று மருந்து தனியே வரும். அடாரா என்ற ஆய்வு அத்தகையது. அறுவை முடிந்து, ஈ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ள 682 பேரில் ஒரு பாதிக்கு அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஓசிமெர்ட்டினிப் மாத்திரை, மறுபாதிக்கு வெற்று மாத்திரை. நோய் இரண்டாம், மூன்றாம்-ஏ நிலையில் இருந்தவர்களில் இரண்டு ஆண்டுக்குப் பின் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மருந்துப் பிரிவில் 90 விழுக்காடு, மறுபிரிவில் 44 விழுக்காடு. வேறுபாடு இவ்வளவு பெரிதாக இருந்ததால், ஆய்வைக் கண்காணித்த சுதந்திரக் குழு திட்டமிட்ட காலத்துக்கு முன்பே முடிவுகளை வெளியிடப் பரிந்துரைத்தது. அவை 2020-இல் வெளியாயின.

அப்பாவுக்குப் புற்றுநோய் என்றே நாங்கள் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் சேர்க்க முடியுமா?

முடியாது. என்னிடம் மிகவும் தயங்கித் தயங்கி, குரலைத் தாழ்த்திக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். “டாக்டர், அவர்கிட்ட நெஞ்சுல சளிக்கட்டின்னுதான் சொல்லியிருக்கோம்” என்று மகன் கதவுக்கு வெளியே நின்று சொல்வார். அன்பினால்தான் மறைக்கிறார்கள் என்பதை நான் அறிவேன். ஆனால் ஒப்புதல் படிவத்தின் முதல் பக்கத்திலேயே நுரையீரல் புற்றுநோய் என்று தமிழில் அச்சிட்டிருக்கும், கையெழுத்துப் போட வேண்டியவர் நோயாளிதான். சுயநினைவோடு, முடிவெடுக்கும் திறனோடு இருக்கும் ஒருவருக்காக மகனோ மனைவியோ கையெழுத்திட விதி அனுமதிப்பதில்லை.

அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். பெரும்பாலான அப்பாக்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. மருத்துவமனைப் பெயர்ப்பலகையைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். பக்கத்துப் படுக்கைக்காரரோடு பேசுகிறவர்கள். பிள்ளைகள் வருந்துவார்களே என்று அவர்களும் தெரியாததுபோல் இருக்கிறார்கள். மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால், அவரே “உங்கள் உடம்பைப் பற்றி என்ன தெரிந்துகொண்டிருக்கிறீர்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்” என்று தொடங்கி, அப்பா கேட்கும் அளவுக்குப் படிப்படியாகச் சொல்வார். இதற்கு ஒரு நாள் அல்லது இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். தெரியவே கூடாது என்று குடும்பம் உறுதியாக இருந்தால், ஆய்வை விட்டுவிட்டு வழக்கமான சிகிச்சையில் தொடர்வதே நேர்மையான வழி.

ஒப்புதல் படிவத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அங்கேயே கையெழுத்துப் போட வேண்டிய அவசியம் இல்லை. வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்கக் கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வோடு தொடர்பில்லாத நடுநிலைச் சாட்சி ஒருவர் முன்னிலையில் முழுவதையும் படித்துக் காட்ட வேண்டும். எளிதில் பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்கள் முற்றிலும் புதிய மருந்தின் ஆய்வில் சேரும்போது இந்த உரையாடல் ஒலி, ஒளிப் பதிவு செய்யப்படும். சிறிய கேமராவைக் கண்டு பலர் மிரண்டுபோகிறார்கள். அது உங்களைக் கட்டுப்படுத்த வைத்தது அல்ல. உங்களுக்கு எல்லாம் விளக்கப்பட்டதா என்று பிறகு யாரும் சரிபார்க்க வைத்தது. கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குச் சேர வேண்டும்.

ஆய்வில் சேராவிட்டால் எனக்கு என்ன சிகிச்சை, எத்தனை முறை வர வேண்டும், எத்தனை ஸ்கேன், மறுபடியும் ஊசி வைத்துத் திசு எடுப்பார்களா, இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணில் அழைப்பது: இந்தக் கேள்விகளைத் தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் தராத இடத்தில் கையெழுத்திட வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

செலவு யாருடையது?

ஆய்வு மருந்துக்கு நீங்கள் பணம் கட்டக் கூடாது. ஆய்வுக்காகவே செய்யப்படும் கூடுதல் பரிசோதனைகளை ஆய்வை நடத்துபவர் ஏற்பார். பெரும்பாலும் பயணச் செலவும் தரப்படும். ஆனால் ஆய்வு இல்லாவிட்டாலும் உங்களுக்குத் தந்திருக்கக்கூடிய வழக்கமான கீமோ, வழக்கமான ஸ்கேன் ஆகியவற்றை மருத்துவர்களே நடத்தும் கல்விசார் ஆய்வுகளில் நீங்களோ உங்கள் காப்பீடோ ஏற்க வேண்டியிருக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள், எந்தெந்தப் பகுதி அதில் அடங்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மேசையில் முன்கூட்டியே கேட்டு எழுதிவாங்கிக்கொள்ளுங்கள். புற்றுநோயாளிகளுக்கு ரயிலில் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்குச் சலுகை உண்டு. மருத்துவமனை தரும் சான்றிதழ் வேண்டும்.

“ஆய்வில் இடம் பிடித்துத் தருகிறேன்” என்று பணம் கேட்பவரையோ, பதிவு எண் இல்லாத ஆய்வுக்குப் பெருந்தொகை கேட்கும் மையத்தையோ நம்ப வேண்டாம்.

ஆய்வினால் பாதிப்பு ஏற்பட்டால்?

உடனடியாக இலவச சிகிச்சை தர வேண்டும். பாதிப்பு ஆய்வினால் வந்ததல்ல என்று நிறுவப்படும் வரை, அல்லது மருத்துவர் தேவை என்று கருதும் வரை, அது தொடர வேண்டும். கடுமையான நிகழ்வு எதையும் ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆய்வினால் மரணம் நேர்ந்தால் இழப்பீட்டுக்குச் சூத்திரம் உண்டு. அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்து அது கூடும், குறையும். 65 வயதைக் கடந்தவர் ஒருவர், ஆய்வில் சேர்ந்தபோது ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை வாழ வாய்ப்புள்ளவராக மதிப்பிடப்பட்டிருந்தால் 8 லட்சம். ஆறு மாதத்துக்கு மேல் வாய்ப்பில்லை என்றிருந்தால் 4 லட்சம். நோயின் இயல்பான போக்கினால் நேரும் மரணத்துக்கு இது பொருந்தாது என்பதையும் குடும்பம் அறிந்திருக்க வேண்டும். நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் ஒப்புதல் படிவத்திலேயே இருக்கும். புகார் இருந்தால் மருத்துவரைத் தாண்டி நேரடியாக அவர்களிடம் பேசலாம்.

பாதியில் விலகலாமா?

எந்த நாளிலும், காரணம் சொல்லாமலும் விலகலாம். அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. திடீரென்று வராமல் நின்றுவிடாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விலகுங்கள். சில மருந்துகளை நிறுத்திய பிறகும் ஓரிரு பரிசோதனைகள் உங்கள் பாதுகாப்புக்குத் தேவைப்படும்.

கூடவே சித்த மருந்தோ நாட்டு மருந்தோ எடுக்கலாமா?

எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்து, கல்லீரல் அளவுகள் ஏறியபோது காரணம் தெரியாமல் நல்ல மருந்தை நிறுத்த வேண்டி வந்ததைப் பார்த்திருக்கிறேன். பெயர் தெரியாத சூரணமாக இருந்தால் பொட்டலத்தையே கொண்டுவாருங்கள்.

ஆய்வு முடிந்த பிறகும் அந்த மருந்து கிடைக்குமா?

2019 விதிகளின்படி, மருந்து உங்களுக்குப் பலனளித்து, வேறு மாற்று இல்லாமல், ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால், நிறுவனம் அதை இலவசமாகத் தர வேண்டும். இது உங்கள் படிவத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைச் சேரும்போதே கேளுங்கள்.

தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி என்ன?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ரத்த அளவு குறைவு, அண்மையில் வந்த தொற்று, முந்தைய மருந்தின் இடைவெளி போதாமை போன்ற காரணங்கள் சில வாரங்களில் மாறக்கூடியவை. பல ஆய்வுகள் மறுமுறை பரிசீலிக்க இடம்தருகின்றன. மரபணு மாற்றம் பொருந்தவில்லை என்றால் அந்த அறிக்கையே அடுத்த ஆய்வைத் தேடுவதற்கான சாவி.

இன்னொன்றையும் அதே நாளில் கேட்டுவிடுங்கள். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. அதில் சோதித்தது எந்தப் புது மருந்தையும் அல்ல. நோய் தெரிந்தவுடனேயே வலி, மூச்சிரைப்பு, மனச்சோர்வு ஆகியவற்றைக் கவனிக்கும் வலிநிவாரணக் குழுவிடம் ஒரு பிரிவினரை அனுப்பினார்கள். அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. வாழ்நாளின் இடைநிலை அளவும் மற்றப் பிரிவினருக்கு 8.9 மாதமாக இருக்க, இவர்களுக்கு 11.6 மாதமாக இருந்தது. வலிநிவாரணப் பிரிவு என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று நம் குடும்பங்கள் நினைக்கின்றன. ஆய்வில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் அந்தப் பிரிவுக்கு முதல் மாதத்திலேயே ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். பெரிய புற்றுநோய் மையங்களில் அந்தப் பிரிவு அதே வளாகத்தில்தான் இருக்கிறது.